அவர் பெயருக்கு வந்த தபால்: மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நரம்பியல், மனநல, முதியோர் நல மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் திருச்சிக்காரி. அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் 31 வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என் கணவருக்கு 71 வயது. ஆர்.எம்.எஸ். என்று சொல்லப்படும் ரயில்வே தபால் பிரிவில் சார்ட்டராகச் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றவர். சென்ற ஆவணி மாதம் அவருக்கு அல்சைமர் நோய் என்று சொன்னார்கள். அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்கள். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

அவருடைய வேலை எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். ரயிலோடு சேர்த்த தபால் பெட்டிக்குள் இரவு முழுக்க நின்றுகொண்டே கடிதம் பிரிப்பார்கள். எதிரே வரிசை வரிசையாகச் சின்ன மர அறைகள். உறையில் இருக்கும் ஊர்ப் பெயரைக் கண் படிக்கும்போதே கை அந்த ஊரின் அறைக்குப் போய்விட வேண்டும். வண்டி அடுத்த ஸ்டேஷனில் நிற்பதற்குள் அந்த ஊருக்கான பையைக் கட்டி முத்திரை வைத்திருக்க வேண்டும். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறைக்கு வந்தது என்றாலும், இவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பலர் அதை எழுதவே மாட்டார்களாம். எந்தக் கிராமம் எந்த அஞ்சலகத்தைச் சேர்ந்தது என்பது சார்ட்டருக்கு மனப்பாடமாக இருந்தால்தான் வேலை நடக்கும். லால்குடி 621601, மணப்பாறை 621306, ஸ்ரீரங்கம் 620006, புதுக்கோட்டை 622001. இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

அதனாலேயே எங்களுக்கு இரண்டு வருடம் போய்விட்டது. மின் கட்டணத்தை இரண்டு தடவை கட்டினார். கோவையிலிருந்து மகள் பேசி வைத்த அரை மணி நேரத்தில், "பாப்பா இன்னிக்கு போன் பண்ணவே இல்லையே" என்றார். சுவரில் மாட்டிய தினசரி காலண்டரில் ஒரே நாளில் மூன்று தாள் கிழித்தார். ஒரு நாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஏறி, எங்கே போகணும் என்று கேட்ட டிரைவரிடம் தெருப் பெயரைச் சொல்ல வராமல் எங்கள் பின்கோட்டை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் பார்த்த பிறகும், "இத்தனை பின்கோடு ஞாபகம் வெச்சிருக்கிற மனுஷனுக்கு மறதி நோயா, வயசானா அப்படித்தான்" என்று உறவுக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையே நம்பினேன். புதிய நினைவுகளைப் பதிந்துவைக்கும் பகுதியைத்தான் இந்த நோய் பெரும்பாலும் முதலில் தாக்கும், பல வருடம் பழகிய பழைய நினைவு அதைவிட ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும் என்பதைப் பிற்பாடு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அன்றைக்குப் பார்த்த மருத்துவர் நல்லவர். அவர்மேல் புகார் சொல்ல இதை எழுதவில்லை, பெயரும் சொல்லப்போவதில்லை. பி12, தைராய்டு, சர்க்கரை என்று ரத்தப் பரிசோதனைகளும் எம்.ஆர்.ஐ.யும் எடுக்கச் சொன்னார். சத்துக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டு உள்ளே கட்டிய ரத்தம் எல்லாம்கூட மறதி போலவே தோன்றும், சில சமயம் சரிசெய்துவிடலாம் என்பதால் அதையெல்லாம் முறையாகப் பார்த்தார். பிறகு ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து மணியைக் காட்டச் சொன்னார். இவர் வட்டத்தை அழகாகப் போட்டார். பன்னிரண்டு எண்களையும் வலது பக்கத்திலேயே நெருக்கி எழுதினார். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். 93, 86 என்று சொன்னவர் நின்றுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். வகுப்பில் எத்தனையோ பிள்ளைகள் அப்படிப் பார்த்திருக்கிறார்கள். நான் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான், "சார் கொஞ்சம் வெளியில உட்காரட்டும்" என்றார்.

உள்ளே எனக்குக் கிடைத்தது சுமார் பத்து நிமிடம். அல்சைமர், ஆரம்ப நிலை, முழுசாகக் குணமாக்க மருந்து இல்லை, டோனெபெசில் என்ற மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கிக் கூட்டலாம், மூன்று மாதம் கழித்து வாருங்கள். கடைசியில், "அவர்கிட்ட இப்ப சொல்ல வேண்டாம்மா, மனசு ஒடிஞ்சுடும்" என்றார். நானும் தலையாட்டினேன். அவர் சொல்லாமல் இருந்திருந்தாலும் நானே அப்படிக் கேட்டிருப்பேன். அந்தத் தப்பில் எனக்கும் சரிபாதி பங்கு உண்டு.

வெளியே வந்ததும், "என்ன சொன்னார்?" என்று கேட்டார். "நரம்பு கொஞ்சம் வீக்காம், சத்து மாத்திரை எழுதியிருக்கார்" என்றேன். 43 வருடக் குடும்ப வாழ்க்கையில் அவரிடம் சொன்ன பெரிய பொய் அதுதான். ஐந்து வாரம் அதைக் காப்பாற்றினேன். ஃபைலை பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன். மாத்திரை அட்டையைத் தனியாக எடுத்து, பெட்டியைக் கிழித்துப் போட்டேன். மகளிடம் பேச மொட்டைமாடிக்குப் போனேன். ஸ்கூட்டர் சாவியை ஒளித்து வைத்துவிட்டு, அவர் வீடு முழுக்கத் தேடும்போது நானும் கூடவே தேடுவது போல நடித்தேன். தன் மறதியால்தான் சாவி தொலைந்தது என்று அவர் நம்பினார். இதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு வலிக்கிறது.

நவம்பர் மாதம் ஓய்வூதியத்துக்கு வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். அந்தக் காகிதங்களைத் தேடப் போனவர் ஃபைலைப் பார்த்துவிட்டார். நான் கோயிலுக்குப் போய்விட்டு வந்தபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தார், மடியில் ஃபைல். கோபப்படவில்லை. ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"என் பேருக்கு வந்த தபாலை நீ எதுக்குப் பிரிச்ச?"

நான் பேசவில்லை.

"பிரிச்சதுமில்லாம, டெலிவரியும் பண்ணலை."

அவர் வேலை பார்த்த காலத்தில், அடுத்தவர் பெயருக்கு வந்த உறையைப் பிரிப்பதும் கொடுக்காமல் நிறுத்திவைப்பதும் தபால்காரர்களுக்கு 1898-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. அந்தச் சட்டத்துக்குள்ளேயே வேலைபார்த்து முடித்தவர் அவர். அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. மருத்துவர்களே, உங்களிடம் இருக்கிறதா?

இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அவருடைய சட்டைப்பை டைரியில் மூன்று வாரத்துக்கு முந்தைய பக்கத்தில் "மூளையில் கட்டி?" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், பிறகு அவரை வெளியே அனுப்பினார்கள், அன்றிலிருந்து மனைவி மொட்டைமாடியில் நின்று அழுதுகொண்டே போன் பேசுகிறாள். யோசிக்கத் தெரிந்த மனிதர் வேறு என்ன முடிவுக்கு வருவார்? மனசு ஒடிந்துவிடக் கூடாது என்று நாம் மறைத்தோம். ஐந்து வாரமாக அவர் தனியாக, இல்லாத ஒரு புற்றுநோயோடு படுத்து எழுந்திருக்கிறார்.

விஷயம் தெரிந்ததும் அவர் தைரியமாகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு ராத்திரி எழுந்து உட்கார்ந்து, "உன்னையும் மறந்துடுவேனா?" என்று கேட்டார். "தெரியலைங்க" என்றேன். இனிமேல் பொய் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். நான்காம் நாள் காலையில் காபி குடித்துவிட்டு, "கடைக்குப் போனா ஒரு நூறு பக்க நோட்டு வாங்கிட்டு வா" என்றார். அதற்கப்புறம் அந்த வீட்டில் என்னென்ன நடந்தது என்பதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

முதலில் ஸ்கூட்டர் சாவி. ஒளித்து வைத்திருந்ததை எடுத்து அவர் கையில் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். அன்று சாயங்காலம் தெருக்கோடி வரைக்கும் ஒரு தடவை ஓட்டிப் போய்விட்டு வந்து, சாவியை அவரே சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். "பசங்க குறுக்க ஓடிவர்ற தெரு, எதுக்கு ரிஸ்க்கு" என்றார். ஐந்து வாரமாக நான் போட்ட நாடகத்தை ஒரு சாயங்காலத்தில் முடித்துவிட்டார்.

அப்புறம் பணம். என் தம்பி, பவர் என்கிற பொது அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றான். நாங்கள் போய்ப் பார்த்த வக்கீல் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவின்படி, பவர் எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்தப் பவரும் அத்தோடு முடிந்துபோகும். எப்போது அது தேவையோ அப்போது அது செல்லாது. இங்கிலாந்தில் அதற்குப் பிறகும் செல்லுபடியாகும்படி எழுதிவைக்க வழி இருக்கிறது, நம் ஊரில் இல்லை. நிலைமை முற்றிய பிறகு சொத்தை விற்கவோ மற்றதுக்கோ கையெழுத்துத் தேவைப்பட்டால், பாதுகாவலராக நியமிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் வரை போக வேண்டி வரும்.

இதன் அர்த்தம் என்ன என்று யோசித்துப் பாருங்கள். எங்களுக்கு இருந்த ஒரே நல்ல காலம், அவர் புரிந்துகொண்டு முடிவெடுக்கக் கூடிய இந்த ஆரம்ப நிலைதான். அதில் ஐந்து வாரத்தைப் புடவைக்கு அடியில் வைத்திருந்தேன். எத்தனையோ வீடுகளில் ஐந்து வருடம் வைத்திருக்கிறார்கள்.

அவருக்குத் தெரிந்திருந்ததால் அவரே செய்தார். வங்கிக் கணக்குகளை இரண்டு பேரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று மாற்றினார். சுயநினைவோடு இருக்கிறார் என்று மருத்துவச் சான்று வாங்கி, பத்திரப்பதிவு அலுவலகத்தில் உயில் பதிவு செய்தார். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், தனக்காகப் பேச ஒருவரை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நியமிக்கலாம் என்று இருக்கிறது. அதில் என் பெயரை எழுதினார். அந்தச் சட்டம் மனநோய் என்பதை வரையறுக்கும்போது, நினைவிலும் இடம் காலம் அறிவதிலும் ஏற்படும் பெரிய கோளாறுகளையும் சேர்த்தே சொல்கிறது. தன் நோய் இன்னது என்று தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை என்றும் சொல்கிறது.

கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்றும் எழுதினார். உச்ச நீதிமன்றம் 2018-இல் இதை அனுமதித்தது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது, இரண்டு சாட்சிகளும் ஒரு நோட்டரியோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியோ போதும். அதில் அவர் என்ன எழுதினார் என்பதை இங்கே சொல்ல மாட்டேன். அதை வெளியே சொல்ல அவருக்குத்தான் உரிமை.

இதில் ஒன்றுகூட மருத்துவமனையில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சட்டம் உங்கள் வேலை இல்லை, சரி. ஆனால் "முடிவெடுக்கிற காலம் இது, வக்கீல் ஒருவரைச் சீக்கிரம் பாருங்கள்" என்ற ஒரு வரியை உங்களைத் தவிர வேறு யார் எங்களிடம் சொல்ல முடியும்? நோயின் பெயர் முதலில் தெரிவது உங்களுக்குத்தானே?

மருத்துவ விஷயங்களிலும் இப்படித்தான். நான்காவது மாதம் ஒரே ராத்திரியில் தலைகீழாக மாறிவிட்டார். என்னை யாரென்று தெரியவில்லை, சுவரில் பூச்சி ஊர்கிறது என்றார், வேட்டி நனைந்தது. நோய் முற்றிவிட்டது என்று நினைத்து விடியும்வரை அழுதேன். மறுநாள் எங்கள் தெரு டாக்டர் சிறுநீரைப் பரிசோதித்தார். கிருமித் தொற்று. மருந்து கொடுத்த ஒரு வாரத்தில் பழையபடி வந்துவிட்டார். மூளை ஏற்கெனவே பலவீனமாக இருக்கும்போது சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, மலச்சிக்கல்கூட இப்படித் திடீர்க் குழப்பத்தை உண்டாக்கும் என்பது உங்களுக்குப் பாலபாடம். "மாதக்கணக்கில் மெதுவாகத் தேய்ந்தால் அது நோய், ஒன்றிரண்டு நாளில் தடாலென்று மாறினால் வேறு காரணம் இருக்கும், உடனே கூட்டி வாருங்கள்." இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் அந்த ராத்திரியை நான் அப்படிக் கழித்திருக்க மாட்டேன். நோய் முற்றிவிட்டது என்றே நம்பி, வீட்டிலேயே வைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களை நினைத்தால் பயமாக இருக்கிறது.

சளி பிடித்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடும் தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மாத்திரைகளில் பல, இவர்களுக்கு மறதியையும் குழப்பத்தையும் கூட்டும். டோனெபெசில் எதைச் செய்யப் பார்க்கிறதோ அதற்கு நேர் எதிரான வேலையை அவை செய்கின்றன. இதையும் நான் தற்செயலாகத்தான் தெரிந்துகொண்டேன், அதற்குள் இரண்டு அட்டை தீர்ந்திருந்தது.

காது விஷயம் ஒன்று. அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய்களுக்குப் பொதுப் பெயர் டிமென்ஷியா. அது வரும் வாய்ப்பைக் கூட்டுகிற, ஆனால் நம்மால் மாற்ற முடிந்த காரணங்கள் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் பட்டியலிட்ட 14-இல் காது கேளாமையும் ஒன்று. ரயில் சத்தத்திலேயே வேலை பார்த்த மனிதருக்குக் காதைச் சோதிக்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. மகள் வற்புறுத்திக் காது மிஷின் வாங்கினோம். நான் சொன்னதை மறந்துவிட்டார் என்று நினைத்ததில் ஒரு பங்கு, முதலிலேயே அவர் காதில் விழாதது. நோய் போய்விடவில்லை. ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் மறுபடி பேச்சு வந்திருக்கிறது.

மற்றதெல்லாம் நாங்களாகக் கண்டுபிடித்தது. தினசரி காலண்டரைக் கழற்றிவிட்டு, தேதியும் கிழமையும் பெரிதாகத் தெரியும் எலக்ட்ரானிக் கடிகாரம் மாட்டினோம். சமையல் முடிந்ததும் கேஸ் சிலிண்டரை மூடிவிடுகிறேன். "அதான் சொன்னேனே" என்ற வார்த்தையை வீட்டில் யாரும் சொல்வதில்லை. ஆறாவது தடவை கேட்டாலும் முதல் தடவை போலவே பதில் சொல்லப் பார்க்கிறேன், முடியாத நாளும் உண்டு. சட்டைப்பையில் என் போன் நம்பர் எழுதிய அட்டை இருக்கிறது, அதை அவரே தன் கையெழுத்தில், உறையின் மேல் முகவரி எழுதுவது போலப் பின்கோடோடு எழுதியிருக்கிறார். வல்லாரைத் துவையல் வாரம் இரண்டு நாள் அரைக்கிறேன். அவருக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். நோய்க்கு மருந்தென்று எண்ணிச் செய்வதில்லை.

இந்த நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு கணக்கிட்டது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது எங்கள் ஒரு வீட்டுக்குத்தான் இப்படி என்று இருந்தது. மனநல ஆலோசனைக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567 என்று இரண்டு இலவச எண்கள் இருப்பதோ, சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம் டிமென்ஷியா நோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும் என்றே தனிப் பிரிவு நடத்துவதோ, டிமென்ஷியாவுக்கென்றே 1992-இல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற அமைப்பு பல ஊர்களில் இயங்குவதோ எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மொட்டைமாடியில் நின்று அழுததில் பாதி நாளாவது அவர்களிடம் பேசியிருப்பேன்.

அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன், 2023-இல் அங்கே லெகனெமாப் என்ற மருந்துக்கு முழு அனுமதி கொடுத்திருக்கிறார்கள், ஏன் போடவில்லை என்று கேட்டான். பிறகு வேறொரு மருத்துவர் கால்மணி நேரம் உட்கார்ந்து விளக்கினார்: அது நோயைக் குணமாக்காது, ஆரம்ப நிலையில் வேகத்தை ஓரளவு குறைக்கும், மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் வரலாம் என்பதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். முக்கியமாக, இதை அவரைப் பார்த்தே சொன்னார். இவர் கேட்டுவிட்டு, "வேண்டாம் டாக்டர், இருக்கிற மாத்திரையே போதும்" என்றார். கால்மணி நேரம்தான். அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் வரும் எந்த அதிசய மருந்தும் எங்கள் வீட்டில் நுழையவில்லை.

உங்களுக்கு நேரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். வெளியே காத்திருக்கும் கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். பெயரைச் சொல்லும் அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லச் சொல்லவில்லை, சொன்னாலும் அன்று எதுவும் காதில் ஏறாது. இரண்டு வாரத்துக்குள் இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள், இதற்கென்றே. உங்களால் முடியாவிட்டால் ஒரு நர்ஸோ சமூகப் பணியாளரோ பேசட்டும். தமிழில் அச்சடித்த ஒரு தாள் கொடுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவுக்கு அத்தனை பக்கம் கொடுக்கிறீர்கள், வாழ்க்கையையே மாற்றப்போகும் செய்திக்கு ஒரு தாள் கேட்கிறேன்.

தெரிந்துகொள்ள விரும்பாதவர்களும் இருப்பார்கள். என் சித்தப்பா அப்படித்தான், எந்த ரிப்போர்ட்டையும் பார்க்க மாட்டார். அதற்கும் வழி இருக்கிறது. சோதனைகளைத் தொடங்கும் முன்பே, "ஐயா, இதில் என்ன தெரிந்தாலும் உங்களிடம் சொல்லட்டுமா, கூட யார் இருக்கணும்?" என்று அவரையே கேட்டுவிடலாம். வேண்டாம் என்று அவர் சொன்னால் சொல்லாதீர்கள். அவருக்காக நானோ பிள்ளைகளோ வேண்டாம் என்று சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். பயத்தில் சொல்வோம். எங்களுக்கும் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டியிருக்கிறது.

வார்த்தையையும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். பரிசோதனை அறைக்கு வெளியே ஓர் உதவியாளர் சத்தமாக, "அந்த மெண்டல் கேஸ் ஃபைல் எங்க?" என்றது இவர் காதிலும் விழுந்தது. ஜப்பானில் இந்த நோய்க்கு முன்பு இருந்த பெயர் மந்தபுத்தி என்பது போல இழிவாகத் தொனித்ததால், 2004-இல் அரசே வேறு பெயர் வைத்தது. நாம் மறதி நோய் என்கிறோம், டிமென்ஷியா என்கிறோம், இரண்டும் பரவாயில்லை. பைத்தியம், புத்தி பேதலித்தவர் என்பவை வேண்டாம்.

முதியோர் மருத்துவத்துக்கு இந்த நாட்டிலேயே வழிகாட்டிய மாநிலம் நம்முடையது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ்.நடராஜன் 1978-இல் முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். எங்கள் எதிர்வீட்டுப் பாட்டிக்கு அப்படி வரும் பெண், பாட்டி பேசிக்கொண்டே இருப்பதைப் பொறுமையாகக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். ஞாபகம் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கவும், பார்த்துக்கொள்கிறவர் தூங்குகிறாரா என்று கேட்கவும் அவருக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று அரசிடம் நாங்கள் கேட்பதைவிட நீங்கள் கேட்டால் நடக்கும்.

அடுத்த மாதம் 9-ஆம் தேதி எங்களுக்கு மறு பரிசோதனை. கேள்விகளை நூறு பக்க நோட்டில் அவரே எழுதி வைத்திருக்கிறார். அவர் அனுமதியோடு அப்படியே தருகிறேன்:

1. ராத்திரி மாத்திரை போட்டால் பயங்கரமான கனவு வருகிறது. காலையில் போடலாமா?

2. தனியாக வாக்கிங் போவதை எப்போது நிறுத்த வேண்டும்? நீங்களே சொல்லிவிடுங்கள், என் வீட்டுக்காரி சொல்ல மாட்டாள்.

3. பழைய ஆர்.எம்.எஸ். நண்பர்கள் மாதம் ஒருமுறை கூடுகிறோம். அவர்களிடம் சொல்லலாம் என்று இருக்கிறேன். எப்படிச் சொல்வது?

4. என் வீட்டுக்காரிக்கு பிரஷர் பார்க்கவும். அவள் பார்த்து எட்டு மாதம் ஆகிறது.

5. ராத்திரி மாத்திரை போட்டால் கனவு வருகிறது. காலையில் போடலாமா?

ஐந்தாவதை நான் அடிக்கவில்லை. அவர் கேட்கும்போது அதற்கும் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர்,
திருச்சி